வலிக்குப் போட்ட பந்தல்

ஒரு வாயில் முப்பத்தொரு பற்கள் குடியிருந்தன. முப்பத்திரண்டாவது வீடு காலி.

அந்த வாய் அடைக்கலம் என்பவருடையது. அறந்தாங்கிப் பக்கம் கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதுவானாலும் பந்தல் போடுகிறவர் அவர்தான். சவுக்குக் கம்பை நட்டு, குறுக்குக் கம்பை வைத்து, கயிற்றைச் சுற்றி இழுத்துக் கடைசி முடிச்சைப் போடும்போது அவருக்கு இரண்டு கை போதாது. கயிற்றின் நுனியை இடது கடைவாயில் கடித்துக்கொண்டு தலையைப் பின்னால் சாய்த்து ஒரு இழுப்பு இழுப்பார். முடிச்சு கல்லாகிவிடும். கத்தி கைக்கு எட்டாத நேரத்தில் கயிற்றை அறுப்பதும் அதே கடைவாய்தான்.

இருபத்தைந்து வருஷமாக இந்த வேலையைப் பார்த்தவை பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு பற்கள். அதில் ஒன்று இரண்டு வருஷத்துக்கு முன் ஆட்டம் கண்டது. பிடுங்கிவிட்டார்கள். மற்றது தனியாக நின்றது. இது அந்தப் பல்லின் கதை.

பக்கத்து வீடு காலியான பிறகு பல்லுக்கு நிம்மதி போய்விட்டது. காலியிடம் பேசாது, அழாது, எதுவும் கேட்காது. சும்மா இருக்கும். ஆனால் நாக்கு மட்டும் தினமும் பத்து தடவை அங்கே போய்த் தடவிப் பார்த்துவிட்டு வரும்.

"அங்கே என்ன இருக்கிறது என்று போகிறாய்?" என்று பல் எரிச்சலோடு கேட்டது.

"ஒன்றும் இல்லை. அதைத்தான் பார்க்கப் போகிறேன்" என்றது நாக்கு.

ஒருநாள் ஒரு நைலான் கயிற்றை இழுக்கும்போது பல்லுக்குள் மெல்லிய சத்தம் ஒன்று கேட்டது. வெளியே யாருக்கும் கேட்கவில்லை. பல்லுக்குக் கேட்டது. மறுநாள் குளிர்ந்த தண்ணீர் பட்டபோது வலி முதல் தடவையாக எட்டிப் பார்த்தது. அடுத்த வாரம் சூடான டீக்கும் வந்தது. பிறகு எதுவும் படாமலே வர ஆரம்பித்தது.

அடைக்கலம் பல் டாக்டர் பர்வீனிடம் போனார். அந்த அம்மா படம் எடுத்துப் பார்த்தார்.

"விரிசல் உள்ளே நரம்பு வரைக்கும் போயிருச்சு. ஆனா பிடுங்க வேணாம். ரூட் கேனல் பண்ணிக் காப்பாத்திரலாம்."

காப்பாத்திரலாம் என்ற அந்த ஒரு வார்த்தையைப் பல் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

சர்க்கரை உண்டா, வயிற்றுப்புண் உண்டா, வேறென்ன மருந்து சாப்பிடுகிறார் என்றெல்லாம் விசாரித்துவிட்டு டாக்டர் ஒரே ஒரு மாத்திரையைக் கத்தரித்துக் கொடுத்தார். "திங்கக்கிழமை வரும்போது நல்லா சாப்பிட்டுட்டு, ஒரு மணி நேரம் முன்னாடி இதைப் போட்டுட்டு வாங்க. ஊசி நல்லாப் பிடிக்கும். மரத்துப்போனது தெளிஞ்சப்புறம் வர்ற வலியும் கம்மியா இருக்கும்."

இதில் குழம்புவதற்கு ஒன்றுமே இல்லை. ஆனால் அடைக்கலம் ஐந்து வருஷமாகச் சர்க்கரைக்காரர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்கப் போவார். அங்கே வெறும் வயிற்றோடு போகாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் ஊசி என்ற ஒன்று இருக்கிற இடத்துக்கெல்லாம் பட்டினியாகத்தான் போகவேண்டும் என்பது அவருக்குள் சட்டமாகவே ஆகிவிட்டிருந்தது.

திங்கட்கிழமை காலையில் அவர் மனைவி மலர்க்கொடி தோசைக்கல்லைப் போட்டதும், "எனக்கு வேணாம்" என்றார்.

"டாக்டரம்மா சாப்பிட்டு வரச் சொன்னாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஊசி போடுற எடத்துக்கு எவளாச்சும் எவனாச்சும் தின்னுட்டுப் போவாங்களா? அங்கனயே வாந்தி எடுத்து மானம் போறதுக்கா?"

"அப்ப மாத்திரை?"

"வெறும் வயித்துல மாத்திரை போட்டா வயிறு புண்ணாயிரும். அதுபோக, இப்பத்தான் வலி சும்மா கெடக்கே. வலிக்காதப்ப மாத்திரையப் போட்டு என்னத்துக்கு வீணாக்கணும்? வலிச்சாப் போட்டுக்கலாம்."

தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொரு பேச்சும் நியாயமாகத்தான் பட்டது. மலர்க்கொடி தோசைக்கல்லை இறக்கி வைத்தார். மாத்திரை சட்டைப் பையில் ஏறிக்கொண்டது.

நாற்காலியில் படுக்க வைத்து, முகத்துக்கு நேரே விளக்கைத் திருப்பிவிட்டு, டாக்டர் கேட்டார்: "சாப்பிட்டீங்களா? மாத்திரை போட்டீங்களா?"

"ஆச்சுங்க, ஆச்சுங்க" என்றது நாக்கு.

பல் திடுக்கிட்டது. "ஏன் பொய் சொன்னாய்?"

"அவர் சொல்லச் சொன்னார், சொன்னேன். இல்லை என்று சொன்னால் திட்டுவார்களோ என்று அவருக்குப் பயம்."

பெயரைச் சொன்னதுதான் தாமதம், பயம் உள்ளே வந்துவிட்டது. அதற்கு வாசல் வேண்டியதில்லை. "கூப்பிட்டீர்களா?" என்று பணிவாகக் கேட்டுக்கொண்டே போய்க் காலியிடத்தில் உட்கார்ந்துகொண்டது.

ஊசி போட்டார்கள். உதடு மரத்தது. பல் பாதிதான் மரத்தது. உள்ளே புகுந்த சின்னக் கம்பி நரம்பைத் தொட்டதும் அடைக்கலம் துள்ளி எழுந்துவிட்டார். அதற்குமேல் அவரைப் படுக்க வைக்க முடியவில்லை. டாக்டர் உள்ளே மருந்து வைத்துத் தற்காலிகமாக மூடினார். மீதியை அடுத்த திங்கட்கிழமை பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவைத்தார்.

மூன்று மணிக்கு மரப்பு தெளிய ஆரம்பித்தது.

வலி ஒருபோதும் தனியாக வருவதில்லை. பெரிய மனுஷன் அல்லவா? அதற்கு முன்னால் அதன் ஆட்கள் வருவார்கள். ஈறுக்குப் பின்னால் அவர்களுக்கு ஒரு கொட்டகை இருக்கிறது. அதைத் திறந்து கம்புகளை இறக்கினார்கள். பல்லின் வேரைச் சுற்றிக் குழி தோண்டினார்கள். கம்பு நட்டார்கள். சிவப்புத் துணியை இழுத்துக் கட்டினார்கள். ஒரு குழாய் ஒலிபெருக்கியைக் காதுப்பக்கம் திருப்பி வைத்தார்கள். இன்னொன்றை நெற்றிப்பொட்டைப் பார்த்துக் கட்டினார்கள். மூன்றாவதைக் கழுத்துக்கு இறக்கினார்கள். அடைக்கலமே பார்த்தாலும் குறை சொல்ல முடியாத பந்தல்.

நாலு மணிக்கு வலி மேடை ஏறியது. மைக்கைத் தட்டிப் பார்த்தது.

அந்த ஒரு தட்டுக்கே அடைக்கலம் தாடையைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார்.

பிறகு வலி பேசியது. ஒவ்வொரு வார்த்தையும் காதில், நெற்றியில், கழுத்தில் எதிரொலித்தது. எந்த இடத்திலிருந்து பேசுகிறது என்றே யாருக்கும் தெரியவில்லை. முப்பத்தொரு பற்களும் நடுங்கின. தனக்கு நேரே நின்று பேசுகிற வலியின் முகத்தைப் பார்க்க அந்தப் பல்லுக்குத் துணிவில்லை.

ஐந்து மணிக்கு மலர்க்கொடி தயிர்சாதத்தைக் கரைத்து ஊட்டாத குறையாகக் கொடுத்து, சட்டைப் பையிலிருந்த மாத்திரையை எடுத்து விழுங்க வைத்தார். மாத்திரை வந்து சேர்ந்தபோது கூட்டம் நிரம்பி வழிந்தது.

"காப்பாற்று!" என்று பல் கத்தியது.

"குழி தோண்டும்போது வந்திருந்தால் கடப்பாரையைப் பிடுங்கியிருப்பேன்" என்றது மாத்திரை. "இப்போது கூட்டமே உட்கார்ந்துவிட்டது. நான் ஒற்றை ஆள். ஒவ்வொரு குழாயாகத்தான் கழற்ற முடியும். நேரமாகும். பொறுத்துக்கொள்."

நேரமானது. கழுத்துக் குழாய் நின்றது. வெகுநேரம் கழித்து நெற்றிக் குழாய் நின்றது. ஆனால் அதற்குள் அடைக்கலம் தீர்ப்பு எழுதிவிட்டார்.

"மாத்திரையும் போட்டுப் பாத்தாச்சு. ஒண்ணும் வேலைக்காகல."

மறுநாள் வலி போய்விட்டது. ஆட்கள் பந்தலைப் பிரித்துக்கொண்டு போனார்கள். மைக்கை மட்டும் மறந்துவிட்டுப் போய்விட்டார்கள். பயம் காலியிடத்திலிருந்து எழுந்து வந்து அதைக் கையில் எடுத்துக்கொண்டது.

"அடுத்த திங்கட்கிழமை இதைவிட மோசமாக இருக்கும்" என்று அது மெதுவாக ஆரம்பித்தது. "நேற்று பார்த்தது பாதிதான். பாதிக்கே இப்படி என்றால்?"

சோறு உண்ணும்போது பேசியது. பந்தல் மேல் ஏணியில் நிற்கும்போது பேசியது. அடைக்கலம் இடப்பக்கம் மெல்லுவதை விட்டார். பிறகு மெல்லுவதையே குறைத்தார். புதன்கிழமை கிருதாவுக்குக் கீழே கையை வைத்துக்கொண்டே கம்பு நட்டார்.

அவரிடம் பேசி முடித்ததும் பயம் பல்லிடம் வரும். "உன் பக்கத்து வீட்டுக்காரர் எப்படிப் போனார் தெரியுமா? நான் கூடவே இருந்தேன். குறடு அவருடைய கழுத்தைப் பிடித்தது. இப்படி ஒரு ஆட்டு, அப்படி ஒரு ஆட்டு. வேரோடு வெளியே வந்தார். விளக்கை ஒரு தடவை பார்த்தார். பிறகு தட்டில் போட்டார்கள். டங்கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான்."

பல்லுக்கு அந்தச் சத்தம் ஒரு வாரமும் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அடைக்கலம் மனைவியிடம் சொன்னார்: "நாளைக்குப் போயி புடுங்கிரச் சொல்லப் போறேன். ஒரே வலியோட தொலைஞ்சிரும்."

"நல்ல பல்லுன்னு அந்தம்மா சொன்னாங்களே?"

"பல்லு என்னோடது. எனக்கு வேணாம்."

பல் நாக்கைக் கூப்பிட்டது. "உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு மாத்திரை போடவில்லை என்று டாக்டரிடம் சொல்லிவிடு."

"அவர் சொல்வதைத்தான் நான் சொல்ல முடியும். நானாக எதையும் சொல்லிப் பழக்கமில்லை" என்றது நாக்கு. சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

திங்கட்கிழமை வந்தது. அடைக்கலம் அன்றைக்கும் பட்டினியாகத்தான் போனார். பிடுங்குவதற்கும் ஊசி உண்டே!

"பிடுங்கிருங்க டாக்டரம்மா. என்னால முடியல" என்றார்.

டாக்டர் பர்வீன் பழைய படத்தை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து மறுபடியும் பார்த்தார். "எனக்கு ஒண்ணு புரியலைங்க. முன்னாடியே மாத்திரை போட்டும் ஊசி சரியாப் பிடிக்கல. சாயங்காலமும் அவ்வளவு வலின்னு சொல்றீங்க. அப்படின்னா உங்களுக்கு இது ஒத்து வரல போல. கட்டாயப்படுத்த முடியாது." பக்கத்தில் நின்ற நர்ஸைப் பார்த்துத் தலையசைத்தார். "பிடுங்குற தட்டைக் கொண்டாம்மா."

தட்டு வந்தது. மேலே மூடியிருந்த பச்சைத் துணியை விலக்கினார்கள். குறடு விளக்கில் பளிச்சிட்டது.

"பார்த்தாயா?" என்று பயம் பல்லின் காதோடு காதாகச் சொன்னது. "அதே குறடு."

பல் ஒடுங்கி நின்றது.

நாக்கு வழக்கம்போலக் காலியிடத்துக்குப் போனது. தடவிப் பார்த்தது. ஈறு வழவழவென்று இருந்தது. அங்கிருந்து இந்தப் பல்லின் மேல் சாய்ந்தது. எப்போதும் அப்படித்தான், காலியிடத்தைப் பார்த்துவிட்டு வந்து இதன்மேல் சாய்ந்துகொள்ளும். சாய்ந்தபோது பல் நடுங்குவது தெரிந்தது. நாளைக்கு இதுவும் இருக்காது. அப்புறம் இந்தப் பக்கத்தில் எங்கே போய்ச் சாய்வது?

டாக்டர் கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். "வாயத் திறங்க."

வாய் திறந்தது. நாக்கு புரண்டது.

"டாக்டரம்மா... அன்னைக்கு நான் மாத்திரை போடலைங்க. சாப்பிடவும் இல்லைங்க. பொய் சொல்லிட்டேன்."

சொன்னது தான்தானா என்று அடைக்கலமே திகைத்துப்போய்க் கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் நிமிர்ந்தார்.

"ஏங்க?"

"வெறும் வயித்துலதான் வரணும்னு நெனச்சேங்க. வலி வந்தப்புறம் சாயங்காலம் போட்டேன். கேக்கல."

"இப்ப சாப்பிட்டீங்களா?"

"இல்லைங்க."

டாக்டருக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. கோபத்தை முதலில் காட்டினார். "பந்தல் போடுறவர்தானே நீங்க? முகூர்த்தம் முடிஞ்சப்புறமா போய்க் கம்பு நடுவீங்க? எதுக்கும் ஒரு நேரம் இருக்குல்ல? வலி வந்தப்புறம் போடுற மாத்திரை வலியோட மல்லுக்கட்டணும். வர்றதுக்கு முன்னாடி போட்டா அந்த வலியைப் பெரிசாகவே விடாது. வலியே இருக்காதுன்னு நான் சொல்லல. கம்மியா இருக்கும். சர்க்கரையை வேற வச்சுக்கிட்டுப் பட்டினியா வந்திருக்கீங்க. மயக்கம் போட்டு விழுந்தா என்ன பண்றது?"

தட்டை மூடச் சொன்னார். எதிர்க்கடையிலிருந்து நாலு இட்லி வந்தது. அடைக்கலம் வலப்பக்கமாக மென்று விழுங்கினார். டாக்டர் கண்ணெதிரே அவர் கொடுத்த இன்னொரு மாத்திரையைப் போட்டார்.

"மணி பதினொண்ணு. பன்னெண்டுக்குக் கூப்பிடுறேன். வெளியில உக்காருங்க."

அந்த ஒரு மணி நேரம் பயத்தின் பொற்காலம். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவருக்கு உள்ளேயிருந்து மெஷின் சுழலும் சத்தம் கேட்டது. வேறு யாருடைய பல்லோ. ஒவ்வொரு சத்தத்துக்கும் பயம் ஒரு விளக்கம் சொன்னது. இரண்டு தடவை எழுந்து செருப்பு வைத்த இடம் வரை போய்த் திரும்பினார். பல் ஒவ்வொரு தடவையும் செத்துப் பிழைத்தது.

இரண்டாவது தடவை அவர் திரும்பி வந்து உட்கார்ந்தபோது மாத்திரை வேர்ப்பக்கம் வந்து சேர்ந்தது. பயம் அதை ஏற இறங்கப் பார்த்தது.

"போன வாரம் தோற்றுப்போனவன்தானே நீ?"

"அது என் அண்ணன். அவனை நேரம் கழித்து அனுப்பினார்கள்."

"வலியே வரவில்லை. யாரோடு சண்டை போடப்போகிறாய்?"

"சண்டைக்கு வரவில்லை. கொட்டகையைப் பூட்ட வந்தேன்" என்று சொல்லிவிட்டு மாத்திரை ஈறுக்குப் பின்னால் போய், கம்புகள் அடுக்கியிருந்த கொட்டகையின் கதவை இழுத்துச் சாத்தியது.

"நில்லப்பா" என்றது பயம். "நீயும் வலிக்கு முன்னால் வருகிறவன், நானும் வலிக்கு முன்னால் வருகிறவன். நமக்குள் என்ன பகை?"

"நீ வந்ததும் அவர் செருப்பைத் தேடினார்" என்றது மாத்திரை. சொல்லிக்கொண்டே கதவுக்குப் பூட்டுப் போட்டது.

பன்னிரண்டு மணிக்குக் கூப்பிட்டார்கள். அடைக்கலம் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். பயமும் கூடவே படுத்துக்கொண்டது. ஊசி இறங்கியது. இந்தத் தடவை பல் முழுவதுமாக மரத்தது. சின்னக் கம்பி உள்ளே போனது, வந்தது, மறுபடியும் போனது. தன்னை விட்டு ஏதோ ஒன்று போகிறது என்று மட்டும் பல்லுக்குத் தெரிந்தது. எது என்று தெரியாததே பெரிய திகிலாக இருந்தது. கடைசியில் வேர்களை அடைத்து மூடினார்கள். துள்ளல் இல்லை, ஓட்டம் இல்லை.

சாயங்காலம் மரப்பு தெளிந்தது. வாய் முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. மலர்க்கொடி தயிர்சாதத்தைத் தயாராக வைத்திருந்தார். அடைக்கலம் தாடையில் கையை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

ஆட்கள் வந்தார்கள். கொட்டகை பூட்டியிருந்தது. வெளியே கிடந்த ஒற்றைக் கம்பை எடுத்து ஒரு மூலையில் ஊன்றிப் பார்த்தார்கள். அது சாய்ந்தபடியே நின்றது. அப்படியே போய்விட்டார்கள்.

வலி வந்தது. மேடை இல்லை, துணி இல்லை, குழாய் இல்லை. கொஞ்ச நேரம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பல்லின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டது. மைக் இல்லாமல் அதன் குரல் கம்மிப்போன கிழவனின் குரல் மாதிரி இருந்தது. பல் முதல் தடவையாக அதன் முகத்தைப் பார்த்தது.

"நீ இவ்வளவுதானா?" என்று கேட்டது பல்.

"பந்தலைப் பொறுத்தது" என்றது வலி.

"என்னைப் பிடுங்கச் சொன்னாயே, நான் உனக்கு என்ன செய்தேன்?"

"நானா?" வலிக்கு உண்மையாகவே ஆச்சரியம். "உனக்கு விரிசல் விட்டபோது முதலில் வந்து சொன்னதே நான்தானே? அன்றைக்கு ஒரு சாயங்காலம் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். அதற்குப் பிறகு ஒரு வாரம் என் மைக்கில் பேசியது அவன்" என்று காலியிடத்தைக் கைகாட்டியது.

பயம் மைக்கை வலியிடம் திருப்பிக் கொடுத்தது.

இரண்டு நாள் வலி வந்து போனது. கடிக்கும்போது மட்டும் ஒரு வார்த்தை சொல்லும். டாக்டர் சொன்னபடி சாப்பிட்ட பிறகு போட்ட மாத்திரைகள் அதை மேற்கொண்டு பேச விடவில்லை. மூன்றாம் நாள் அது கிளம்பியது.

"இந்த வீட்டில் எனக்கு இனி வேலையில்லை" என்றது. "நான் தங்கியிருந்த நரம்பை எடுத்துவிட்டார்கள். இனி நீ குளிரை அறியமாட்டாய், சூட்டை அறியமாட்டாய். ஆனால் ஒன்று. மறுபடியும் விரிசல் விட்டால் முன்கூட்டி வந்து சொல்ல நான் இருக்கமாட்டேன். பார்த்துக்கொள்."

வலி வருவதற்குப் பயந்த பல், வலி இல்லாததற்குப் பயந்தது அன்றைக்குத்தான்.

ஒரு மாதம் போனது. பல்லுக்கு மேலே உறை போட்டார்கள். அடைக்கலம் வழக்கம்போலக் கல்யாணப் பந்தல் ஒன்றில் ஏணிமேல் நின்றார். கடைசி முடிச்சு. இரண்டு கையும் போதவில்லை. பழக்கதோஷம், கயிற்றின் நுனி தானாக வாய்க்கு வந்தது. இடது கடைவாய் திறந்தது.

உள்ளே யாரும் கத்தவில்லை. கத்துவதற்கு ஆள் இல்லை. நாக்கு பதறிப்போய்ப் பின்னால் சுருண்டது. நைலான் கயிறு பல்லின் மேல் வந்து உட்கார்ந்தது. தலை பின்னால் சாயப்போனது.

காலியிடத்தில் சுருண்டு கிடந்த பயம் எழுந்தது. மைக் இல்லை. வெறும் வாயால் ஒரே ஒரு வார்த்தை சொன்னது.

"வேண்டாம்."

அடைக்கலம் கயிற்றை வாயிலிருந்து எடுத்தார். கீழே நின்றவரைப் பார்த்து, "ஏப்பா, அந்தக் கத்திய இங்க குடு. ஏணியில ஏறி இந்தப் பக்கம் ஒரு கை பிடி" என்றார்.

அன்றைக்குத்தான் பயம் முதல் தடவையாகச் சரியான நேரத்துக்கு வந்தது.